அறியப்படாத கணக்கு ஆஜராகவில்லை

அன்று காலை மேப்பம்மா தன் மேசைக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, ‘குழாய்’ என்ற கோப்புறையின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். கம்ப்யூட்டர் அவளை முன்பின் பார்த்தே இராதது போல நடந்துகொண்டது. ‘இந்தக் கோப்புறையை அணுக உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று கட்டம் கட்டிச் சொன்னது. கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தது. சரியில்லை என்று சொல்வதற்குப் பொத்தான் எதுவும் வைக்கவில்லை.

அந்தக் கோப்புறைக்குள் இருந்தது அவளுடைய ஒன்பது வருஷம். நகரத்துத் தரைக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய் ஒவ்வொன்றையும், வழியில் இருக்கும் வால்வு ஒவ்வொன்றையும் அவள் வரைந்திருந்தாள்; மேப்பம்மா என்ற பெயரே அதில் வந்ததுதான். அதற்கு முன்பு குடிநீர் வாரியத்தில் வரைபடமே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. அதில் பாதியைக் கரையான் படித்து முடித்தது. மீதியைத் துப்புரவு வாரத்தின்போது வாரியமே குப்பைக்கு அனுப்பிவிட்டது. ஆகவே மேப்பம்மா ஒரு வால்வுக்காரரோடு தெருத் தெருவாக நடந்தாள். இரும்பு மூடிகளைத் தூக்கிப் பார்த்து, எது எந்தப் பக்கம் திருகினால் மூடும், எது தலைகீழாக மாட்டப்பட்டது, எது செத்தே போய்விட்டது என்று குறித்துக்கொண்டு வந்து வரைந்தாள். அவளோடு நடந்த வால்வுக்காரர் போன வருஷம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவள் மட்டும் ஒன்பது வருஷமும் தற்காலிக வரைவாளராகவே இருந்தாள்.

வருஷ முடிவுக்குள் முழு வரைபடத்தையும் ஒப்படைத்தால், அதில் வரைந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டு, அவளை மூத்த வரைவாளராக நிரந்தரம் செய்வதாக வாரியம் எழுத்தில் கொடுத்திருந்தது. வருஷம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. வரைபடம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

அதனால் அவள் பதறவில்லை. சிஸ்டத்தைக் கூப்பிட்டாள்.

சிஸ்டம் என்பது ஆள்தான். வாரியத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்ப்பவன். ‘சிஸ்டம் வேலை செய்யவில்லை, ஆளைக் கூப்பிடு’ என்று ஆரம்பித்து, நாளடைவில் ஆளின் பெயரே அதுவாகிப் போனது. அவனும் தற்காலிகம்தான், ஏழு வருஷமாக. மேப்பம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இரண்டாம் மாடி ஜன்னல் ஓரத்தில் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். ஒருமுறை அவனுக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் வீட்டு ஆட்கள் வந்து சேர ஒரு நாள் ஆகும் என்றார்கள். ஆபரேஷனுக்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும். ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் மேப்பம்மா ‘அக்கா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதிக் கொடுத்த பிறகு அது உறவாகவே ஆகிவிட்டது.

வந்து பார்த்த சிஸ்டம் சிரித்தான்.

“ஒண்ணுமில்ல அக்கா. களப்பிரிவுல யாரோ தெரியாம ஒரு தெருவையே அழிச்சிட்டாங்கன்னு, உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி நான்தானே பூட்டிக் குடுத்தேன்? அது பழைய கம்ப்யூட்டர்ல இருந்த உங்களுக்கு. இப்ப இருக்கற நீங்க வேற.”

“நான் எப்படிடா வேற ஆவேன்? பேரு அதேதானே போட்டிருக்கு?”

“கம்ப்யூட்டர் பேரைப் பாக்காது அக்கா, உள்ள ஒரு நம்பர் இருக்கும், அதைத்தான் பாக்கும். பழைய உங்க நம்பர் பழைய கம்ப்யூட்டரோட போயிடுச்சு. இதோ பாருங்க.”

அவன் எங்கெங்கோ தட்டி ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். உரிமையாளர் என்ற இடத்தில் ‘அறியப்படாத கணக்கு’ என்றும், பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு எண்ணும் இருந்தன. ஒன்பது வருஷம் வெயிலில் நடந்தவளை அது அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தது.

“உரிமையாளரை மாத்தினா போதும். அஞ்சு நிமிஷ வேலை” என்றான் சிஸ்டம். “ஆனா புதுச் சுற்றறிக்கை வந்திருக்கே, உரிமை சம்பந்தப்பட்ட எதுக்கும் மேல கேட்டுட்டுதான் கை வைக்கணும்னு. ஒரு புகார் எழுதிக் குடுத்துடுங்க. ஸ்க்ரீன்ல என்ன வருதோ அதை அப்படியே எழுதணும், சொந்தக் கையெழுத்துல. மாத்தி எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க.”

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். “‘குழாய்’ என்ற கோப்புறையை அணுக எனக்கு அனுமதி இல்லை.” கீழே கையெழுத்து, தேதி. மூன்று பிரதி.

புகார் தலைமைப் பொறியாளரின் மேசைக்குப் போனது. தலைமைப் பொறியாளர் எதையும் லேசில் விடுகிறவர் இல்லை. அவர் காலத்தில்தான் வாரிய வாசலில் ‘ஒவ்வொரு துளியும் பதிவு செய்யப்படும்’ என்ற பலகை வைக்கப்பட்டது. பலகைக்குக் கீழே இருக்கும் குழாய் அன்றிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் புகாரை இரண்டு முறை படித்துவிட்டு, ஐந்து பேர் கொண்ட உரிமையாளர் கண்டறியும் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் அவரே.

முதல் கூட்டத்தில் அவர் பேசினார். “சொத்து இருக்கு, சொந்தக்காரர் யாருன்னு தெரியல. இந்த மாதிரி நேரத்துல பதட்டப்படக் கூடாது. அஞ்சு நிமிஷத்துல திறந்துடலாம்னு சொல்றாங்க. திறக்கலாம். ஆனா இந்த வாரியம் என்னைக்காவது எதையாவது அவசரப்பட்டுத் திறந்திருக்கா? தண்ணியையே நாம அவசரப்பட்டுத் திறந்து விட்டது கிடையாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள்.

மேப்பம்மா எழுந்து, “சார், அந்த அறியப்படாத கணக்கு நான்தான்” என்றாள்.

“இருக்கலாம்மா. அதை அவரே வந்து சொல்லட்டும்” என்றார் தலைமைப் பொறியாளர்.

அறியப்படாத கணக்கு அவர்களுக்கு நேரில் ஆஜராகும்படி அறிவிப்பு அனுப்பப்பட்டது. முகவரி இல்லாததால் அந்த முழ நீள எண்ணையே முகவரியாகப் போட்டு, கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பதில் சொல்ல இருபத்தொரு நாள் அவகாசம். இருபத்திரண்டாம் நாள் குழு கூடியது. அவருக்காக ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துப் பதினொரு மணி வரை காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. இரண்டாம் அறிவிப்பு, இன்னொரு இருபத்தொரு நாள். மறுபடியும் வரவில்லை.

இதற்குள் பணியாளர் பிரிவு தன் பதிவேடுகளைப் புரட்டி, அறியப்படாத கணக்கு இதுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்று கண்டுபிடித்தது. அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். கூப்பிட்டும் வராதவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். காரசாரமாக விவாதித்து, கடைசியில் இரண்டையும் கொடுப்பது என்று முடிவாயிற்று. இரண்டும் பலகையில் அடுத்தடுத்து ஒட்டப்பட்டன.

மேப்பம்மா தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் மாடி ஏறினாள். தனக்குப் பாராட்டு வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, விளக்கம் சொல்லவில்லையே என்று பயப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. சாப்பாட்டு வேளையில் சிஸ்டத்திடம் கேட்டாள்.

“விடுங்க அக்கா, நான் இருக்கேன்ல? எங்க போயிடப் போகுது உங்க மேப்பு?” என்றான் அவன், அவள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே. அவளுக்கு மனசு ஆறிப் போயிற்று.

மூன்றாம் மாதம் தலைமைப் பொறியாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சொந்தக்காரர் யாரென்று தெரியாத நேரத்தில் வேறு யாராவது உள்ளே புகுந்துவிட்டால்? ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அடைத்துவிடச் சொன்னார். சிஸ்டம் அந்தக் கட்டத்தைத் திறந்தான். வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ‘அனுமதி’ என்று ஒரு கட்டம், ‘மறுப்பு’ என்று ஒரு கட்டம்.

“யாருக்கு சார் மறுக்கணும்?”

“அனைவருக்கும்.”

பட்டியலில் ‘அனைவரும்’ என்றே ஒரு பெயர் இருந்தது. சிஸ்டம் அதற்கு நேரே மறுப்பில் டிக் போட்டான். போட்டுவிட்டு மேப்பம்மாவின் பக்கம் திரும்பி, “ரெண்டுலயும் டிக் இருந்தாகூட மறுப்புதான் அக்கா ஜெயிக்கும்” என்று விளக்கினான். ஏதோ தன் வீட்டுப் பழக்கத்தைச் சொல்வது போலப் பெருமையாகச் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து தலைமைப் பொறியாளர் அதே ஹார்ட் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். மறுநாள் வாரியத்தின் ஆண்டு விழா. டிஸ்க் குழுவின் வசம் வந்ததிலிருந்து அவர் தன் கோப்புகளையும் அதிலேயே போட்டு வைத்திருந்தார்; நாற்பது பக்கத்தில் அவர் தயார் செய்திருந்த உரையும் அதில்தான் இருந்தது. திரை, அவருக்கும் அனுமதி இல்லை என்றது.

மூன்றாம் மாடியில் அவர் போட்ட கூச்சல் கீழ்த்தளம் வரை கேட்டது.

“அனைவரும்னா ஊழியர்கள்யா! நான் எப்பய்யா அனைவரும் ஆனேன்?”

குழு அவசரமாகக் கூடி, ‘அனைவரும் என்ற சொல் தலைமைப் பொறியாளரைக் குறிக்காது’ என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தைக் கம்ப்யூட்டரின் முன்னால் பிடித்தும் காட்டினார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை.

“என்ன செய்வியோ தெரியாது. உடனே திறந்தாகணும்” என்றார் தலைமைப் பொறியாளர்.

சிஸ்டம் உட்கார்ந்தான். தன் பெயரில் உள்ளே நுழைந்து, ஹார்ட் டிஸ்க்கின் உரிமையாளரை மாற்று என்பதைத் தட்டி, தன் கணக்கைக் கொடுத்து, உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் சேர்த்து என்பதற்கும் டிக் போட்டான். அறிவிப்பு ஒட்டவில்லை, நாற்காலி போடவில்லை, டம்ளரில் தண்ணீர் வைக்கவில்லை. சரியாக ஐந்து நிமிஷம். உரை திறந்தது. கூடவே ‘குழாய்’ கோப்புறையும் திறந்தது.

மேப்பம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நல்லா இருப்படா தம்பி” என்றாள் வாய்விட்டு. “சரி, அப்படியே அதை என் பேருக்கு மாத்திடு.”

“மாத்திடலாம் அக்கா” என்றான் சிஸ்டம். திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

அடுத்த வாரம் குழுவின் கடைசிக் கூட்டம். ‘உரிமையாளர் கண்டறியப்பட்டார்’ என்று மேப்பம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். சுவரில் பெரிதாகத் திரையைக் காட்டினார்கள். கோப்புறை: குழாய். உரிமையாளர் என்ற இடத்தில் சிஸ்டத்தின் பெயர் இருந்தது.

“சார், இது நான் வரைஞ்சது” என்றாள் மேப்பம்மா.

தலைமைப் பொறியாளர் ஒரு தாளை நீட்டினார். “இது யாரோட கையெழுத்தும்மா?”

“என்னோடதுதான்.”

“சத்தமா படிங்க.”

அவள் படித்தாள். “‘குழாய்’ என்ற கோப்புறையை அணுக எனக்கு அனுமதி இல்லை.”

“யாராவது மிரட்டி எழுதச் சொன்னாங்களா?”

அவள் சிஸ்டத்தைப் பார்த்தாள். அவன் மவுஸ் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நீயே சொல்லுடா. உனக்குத் தெரியாதா?”

“வரைஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும் அக்கா” என்றான் சிஸ்டம். “ஆனா இவங்க கேக்கறது அது இல்லையே. உரிமையாளர் யாருன்னு கேக்கறாங்க. ஸ்க்ரீன்ல என் பேருதானே வருது?”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்றார் தலைமைப் பொறியாளர் ஆதரவாக. “பொய் சொல்ற அளவுக்கு அதுக்கு சர்வீஸ் பத்தாது.”

வருஷ முடிவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே வரைபடம் ஒப்படைக்கப்பட்டது. வாரியம் தன் வாக்கைக் காப்பாற்றியது. வரைந்தவர் என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரைப் போட்டு, அவனை மூத்த வரைவாளராக நிரந்தரம் செய்தது. ஒரு கோடும் நேராகப் போடத் தெரியாதவன் அவன். தற்காலிக வரைவாளர் மேப்பம்மா அன்றிலிருந்து அவனுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மாடிப்படியில் அவன் அவளை மறித்துக்கொண்டு நின்றான்.

“எனக்கும் ஏழு வருஷம் அக்கா. இன்னொரு தடவை இப்படி அமையாது. உங்களுக்குத்தான் வரையத் தெரியுமே, இன்னொண்ணு வரைஞ்சுக்க மாட்டீங்களா? பழசைப் பாக்கணும்னா ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க. நான் அனுமதி குடுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை.”

வாரியம் ஏமாற்றியது அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. வாரியம் என்றால் அப்படித்தான். இவன் ஏமாற்றியதுதான் நெஞ்சில் நின்றது. வீட்டுக்குப் போனதும் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தையல்காரர் மெஷினை நிறுத்தி, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி வைத்தார்.

“துணி எடுத்தது நீ, அளவு பாத்தது நீ, தைச்சது நீ. போட்டுக்கிட்டுப் போனவன் அவன்” என்றார். “சரி, சாப்பிட வா.”

“அவனுக்குக் கையெழுத்துப் போட்டேனே” என்று மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

புது வருஷம் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, வாரியத்தின் வாசலிலேயே பெரிய குழாய் வெடித்தது. வேறெங்கும் வெடிக்காமல் அங்கே வெடித்ததற்குக் குழாய் பொறுப்பில்லை. தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் புகுந்து, அறியப்படாத கணக்குக்கு வந்த கடிதங்களையெல்லாம் பலகையோடு நனைத்தது. மூத்த வரைவாளர் வரைபடத்தைத் திறந்தார். வால்வுக்கு ஒன்றாக நீலப் புள்ளிகள் நானூறு. பக்கத்தில் மேப்பம்மாவின் சுருக்கெழுத்து. வாசலுக்கு நேரே இருந்த புள்ளியில் ‘இ.தி.’ என்று இருந்தது.

“இ.தி.ன்னா என்ன சார்?” என்று கீழ்த்தள ஜன்னலுக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் நின்றபடி கேட்டார் புதிதாக வந்திருந்த வால்வுக்காரர்.

சிஸ்டம் யோசித்தான். “இன்னும் திறக்கல. அதைத் திறந்து விடுங்க.”

புது வால்வுக்காரர் அதைத் தேடிப் போய்த் திறந்துவிட்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. எதிர்ப்பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்தார்கள்.

மேப்பம்மா இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கென்ன என்று இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பெஞ்சின் மேல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“அதை விடுங்கண்ணே. பேக்கரிப் படிக்கட்டுக்குப் பக்கத்துல மூணாவது மூடி. தலைகீழா மாட்டி வச்சிருக்காங்க, வலப்பக்கம் திருகினா திறக்கும். இ.தி.ன்னா இடப்பக்கம் திருகு. இருபத்திரண்டு சுத்து, கடைசி ரெண்டு கஷ்டமா இருக்கும், விட்டுடாதீங்க. அப்புறம் வந்து இதையும் மூடிடுங்க. இதுவும் இடப்பக்கம்தான்.”

புது வால்வுக்காரர் எண்ணித் திருகினார். இருபத்திரண்டாவது சுற்றில் தண்ணீர் நின்றது. “நல்லவேளை அக்கா” என்றான் வாசலில் நின்ற சிஸ்டம். அவள் அவனைக் கடந்து போய்ப் புடவையைப் பிழிந்தாள்.

மறுநாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது.

‘தங்களுக்கு அணுக அனுமதி இல்லை என்று தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட கோப்புறையில் உள்ள தகவலை, நேற்று முற்பகல் பொது இடத்தில் உரத்த குரலில் தாங்கள் பயன்படுத்தியது கவனத்துக்கு வந்துள்ளது. இதிலிருந்து, மேற்படி வரைபடத்தின் அனுமதியற்ற பிரதி ஒன்றைத் தாங்கள் தலையில் வைத்திருப்பது உறுதியாகிறது. ஏழு நாட்களுக்குள் அப்பிரதியை வாரியத்திடம் ஒப்படைக்கவும். படிவம் இணைக்கப்பட்டுள்ளது.’

கையெழுத்து, மூத்த வரைவாளர். ஓரத்தில் ஒரு சின்னத் தாளைக் குத்தி, பென்சிலால் எழுதியிருந்தது: ‘அக்கா, தப்பா நினைக்காதீங்க. மேல சொன்னாங்க. சுருக்கெழுத்துக்கெல்லாம் அர்த்தம் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.’

அவள் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். ‘பிரதியை யார் யார் பயன்படுத்தலாம்’ என்று ஒரு கேள்வி. நேரே அனுமதி, மறுப்பு என்று இரண்டு கட்டம். ‘அனைவரும்’ என்று எழுதி, மறுப்பில் டிக் போட்டாள். அடுத்த கேள்வி, ‘கோப்புறையின் உரிமையாளருக்கும் தங்களுக்கும் உள்ள உறவு.’

இதே மாதிரி ஒரு கேள்விக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, யோசிக்காமல் பதில் எழுதியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இன்று நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதினாள். எடுத்துக்கொண்டு போய் அவன் மேசையில் வைத்தாள்.

சிஸ்டம் படித்தான். உறவு என்ற இடத்தில் ‘அறியப்படாத கணக்கு’ என்று இருந்தது.

“அக்கா…” என்றான்.

“வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்” என்றாள் மேப்பம்மா. “அஞ்சு நிமிஷ வேலைதானே, நிக்கறேன்.”